மரச்சர்க்கரையும் காட்டு ஈஸ்டுகளும்

ஈஸ்ட் ஒற்றைச் செல்லாலான பூஞ்சை. அதன் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இருநூறில் ஒரு பங்கு. இதுவரை 1,500க்கும் மேற்பட்ட ஈஸ்ட் இனங்களுக்குப் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. அவற்றில் மனிதர் பழக்கி ஆலைக்குள் கொண்டுவந்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. ரொட்டி மாவு உப்புவது, பீர் நுரைப்பது, திராட்சைச் சாறு ஒயினாவது, சர்க்கரை ஆலையின் மொலாசஸ் எரிசாராயமாவது என எல்லாவற்றிலும் பெரும்பாலும் வேலை செய்வது சாக்கரோமைசிஸ் செரிவிசியே என்ற ஒரே இனமோ அதன் கலப்பினமோதான். மற்ற இனங்கள் பூந்தேனிலும் அழுகும் பழத்திலும் மரப்பட்டைக் கசிவிலும் மக்கிய கட்டைகளுக்குள்ளும் பூச்சிகளின் குடலிலும் தம்பாட்டில் வாழ்கின்றன. யாரும் தேர்ந்தெடுத்து வளர்க்காத இவற்றைக் காட்டு ஈஸ்டுகள் என்கிறார்கள். செரிவிசியேயிலும் இப்படிக் காட்டில் வாழும் வகைகள் உண்டு.

தாவரங்கள் உண்டாக்கும் சர்க்கரையில் பெரும்பகுதி செரிவிசியேயின் கைக்கு எட்டாதது. குளுக்கோஸ், ஃபிரக்டோஸ், சுக்ரோஸ், மால்டோஸ் போன்ற சிலவற்றை அது வெகு வேகமாகத் தின்னும். மரக்கட்டையிலும் வைக்கோலிலும் கரும்புச் சக்கையிலும் அடைபட்டுக் கிடக்கும் மற்றவற்றை அப்படியே விட்டுவிடும். அந்த மீதியைத் தின்னக்கூடியவை காட்டில் இருக்கின்றன. காட்டு ஈஸ்டுகள் மேல் தொழில்துறைக்கு ஏற்பட்ட அக்கறைக்கு இதுவே முதற்காரணம்.

ஈஸ்டுக்குக் காலும் கிடையாது, சிறகும் கிடையாது. பூ வாடுவதற்குள், பழம் அழுகித் தீர்வதற்குள் சர்க்கரை உள்ள அடுத்த இடத்துக்கு அது போயாக வேண்டும். அந்தப் பயணத்துக்குப் பூச்சிகள்தான் வாகனம். பழுத்த வாழைப்பழத்தின் மணம் தரும் ஐசோஅமைல் அசிட்டேட் போன்ற சேர்மங்களை ஈஸ்ட் வெளியிடுகிறது; பழ ஈக்கள் அந்த மணத்தைத் தேடி வந்து உண்டு, உடலில் ஒட்டியதையும் குடலில் தங்கியதையும் சுமந்துகொண்டு அடுத்த பழத்துக்குப் பறக்கின்றன. அந்த மணத்துக்குக் காரணமான மரபணுவை நீக்கிவிட்டால் ஈக்களின் வரத்து குறைந்துவிடுவதை 2014இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் சோதித்துக் காட்டினர். குளிர்காலத்தில் திராட்சைத் தோட்டத்தில் பழமே இல்லாதபோது செரிவிசியே எங்கே போகிறது என்ற பழைய கேள்விக்கும் பூச்சியிடமே விடை கிடைத்தது. குளவிகளின் குடலில் அது இலையுதிர் காலத்திலிருந்து வசந்தம் வரை தங்குவதையும், தாய்க்குளவி ஊட்டும் இரை வழியாகப் புழுக்களுக்குப் போய்ச் சேர்வதையும் இத்தாலிய ஆய்வாளர்கள் 2012இல் கண்டறிந்தனர்.

காட்டில் நடக்கும் நொதித்தல் சில சமயம் வியப்பூட்டும் அளவுக்குப் போகும். மேற்கு மலேசியக் காடுகளில் பெர்த்தாம் என்றொரு பனையினம் இருக்கிறது. அதன் பூமொட்டுகளில் ஊறும் தேன் அங்கு வாழும் ஈஸ்டுகளால் நொதித்து, 3.8 சதவீதம் வரை ஆல்கஹால் சேர்கிறது. மென்மையான பீர் ஒன்றின் அளவு அது. இறகுவால் மர மூஞ்சூறு என்ற சிறு விலங்கு இரவுதோறும் அந்தத் தேனைக் குடித்துவிட்டு, தள்ளாட்டம் ஏதுமின்றி வேலையைப் பார்க்கப் போய்விடுகிறது. 2008இல் வெளியான ஆய்வு இதை விவரித்தது.

நொதித்தலின் வேதியியல் எளிது. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு இரண்டு எத்தனால் மூலக்கூறாகவும் இரண்டு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறாகவும் பிரிகிறது. எடையில் சொன்னால் 180 கிராம் குளுக்கோஸிலிருந்து 92 கிராம் எத்தனாலும் 88 கிராம் வாயுவும் வரும். ஒரு கிராம் சர்க்கரைக்கு 0.51 கிராம் எத்தனால் என்பது உச்ச வரம்பு. எந்த ஈஸ்டும் இதைத் தாண்ட முடியாது. ஆக்சிஜனைக் கொண்டு சர்க்கரையை முழுக்க எரித்தால் கிடைப்பதைவிட நொதித்தலில் செல்லுக்குக் கிடைக்கும் ஆற்றல் பல மடங்கு குறைவு. அப்படியிருந்தும் சர்க்கரை நிறைய இருக்கும்போது செரிவிசியே ஆக்சிஜன் இருந்தாலும் நொதித்தலையே நாடும். போட்டியாளர்கள் வருமுன் சர்க்கரையை அள்ளித் தீர்ப்பது, ஆல்கஹாலால் அவர்களை விரட்டுவது, எல்லாம் முடிந்தபின் அந்த ஆல்கஹாலையே உணவாக்கிக்கொள்வது என்பது அதன் பிழைப்பு முறை. பல காட்டு ஈஸ்டுகளுக்கு இந்தப் பழக்கம் இல்லை. அவை ஆக்சிஜன் குறைந்தால் மட்டுமே நொதித்தலுக்கு இறங்கும். ஆலையில் இந்த வேறுபாடு பெரிய தலைவலி.

பீரில் மிதக்கும் உருண்டைகளை நெதர்லாந்தின் லேவன்ஹுக் 1680இலேயே தம் உருப்பெருக்கியில் பார்த்துவிட்டார். அவை உயிருள்ளவை, நொதித்தல் அவற்றின் வாழ்க்கைச் செயல் என்று நிலைநாட்ட லூயி பாஸ்டரின் 1857–1860 கால ஆய்வுகள் வர வேண்டியிருந்தது. 1883இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒரே ஒரு செல்லிலிருந்து பெருகிய தூய ஈஸ்டை வளர்த்துக் காட்டினார். பீர் கெடுவது குறைந்தது, சுவை ஒருசீரானது. அன்றிலிருந்து வடிப்பாளர்களின் பேச்சில் காட்டு ஈஸ்ட் என்பது கலப்படத்தையும் கெட்டுப்போதலையும் குறிக்கும் வசைச்சொல்லானது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஹான்சன் தூய்மைப்படுத்திய லாகர் ஈஸ்டே ஒரு கலப்பினம். அதன் ஒரு பாதி செரிவிசியே. குளிரில் வேலை செய்யும் திறனைத் தந்த மறுபாதி எது என்று நூறாண்டுக்கு மேல் தெரியாமலேயே இருந்தது. 2011இல் அர்ஜென்டினாவின் படகோனியாவில், நொத்தோஃபாகஸ் மரங்களில் சர்க்கரை ஊறும் பூஞ்சைப் புடைப்புகளில் தியேகோ லிப்கிண்டும் அவரது குழுவினரும் அந்த இனத்தைக் கண்டெடுத்தனர். சாக்கரோமைசிஸ் யூபயானஸ் என்று பெயரிட்டார்கள். பின்னர் திபெத்திலும், 2022இல் அயர்லாந்திலும் அது கிடைத்தது. உலகில் மிகுதியாக விற்கும் பீர் வகை ஒரு காட்டு ஈஸ்டின் வாரிசு.

தூய வளர்ப்பு எதுவும் இல்லாமல், காட்டு ஈஸ்டுகளை நம்பியே நடக்கும் தொழில்களும் உண்டு. பெல்ஜியத்தின் லாம்பிக் பீர், மெக்ஸிகோவின் புல்கே ஆகியவற்றோடு கள்ளும் அந்த வரிசையில் வரும். பனையின் அல்லது தென்னையின் பாளையைச் சீவும்போது வடியும் சாற்றில் 10 முதல் 15 சதவீதம் வரை சுக்ரோஸ் இருக்கும். பாளைக்குள் இருக்கும்வரை சாற்றில் கிருமி இல்லை. வெளியே வந்த கணத்தில் சீவும் கத்தியிலிருந்தும், தேனீயும் எறும்பும் கொண்டுவருவதிலிருந்தும், முந்தைய நாள் கலயத்தில் ஒட்டிக்கிடந்ததிலிருந்தும் ஈஸ்டுகள் அதில் இறங்குகின்றன. செரிவிசியேயோடு பிக்கியா, ஹான்செனியாஸ்போரா, கேண்டிடா போன்ற பேரினங்களும், லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்களும் ஒன்றாக வேலை செய்கின்றன. ஒரு நாளைக்குள் ஆல்கஹால் ஏறத்தாழ ஐந்து சதவீதத்தை எட்டும். அதற்கு மேல் வைத்தால் அசிட்டிக் அமிலப் பாக்டீரியாக்கள் பொறுப்பேற்றுக் காடியாக்கிவிடும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் சாறு காரத்தன்மை அடைந்து ஈஸ்டுகளும் பாக்டீரியாக்களும் முடங்கும். அப்போது கிடைப்பது பதநீர். ஒரே மரம், ஒரே சாறு. கள்ளா பதநீரா என்பதை முடிவு செய்வது ஒரு கை சுண்ணாம்பு. நுண்ணுயிரியல் என்ற துறை தோன்றும் முன்பே பனையேறிகள் கைக்கொண்ட நுட்பம் இது. இலங்கையில் தென்னங்கள்ளைக் காய்ச்சி வடித்து அரக்கு எடுக்கும் தொழிலும் இதே தன்னியல்பான நொதித்தலிலிருந்துதான் தொடங்குகிறது.

ஆனால் கள்ளும் ஒயினும் தாவரம் வெளிப்படையாக வைத்திருக்கும் சர்க்கரையின் கதைகள். தாவர உடலின் பெரும்பகுதி அப்படிக் கரைந்து நிற்கும் சர்க்கரையாக இல்லை. செல் சுவராக இறுகிக் கிடக்கிறது. காய்ந்த தாவரப்பொருளின் எடையில் பொதுவாக 35 முதல் 50 சதவீதம் செல்லுலோஸ், 20 முதல் 35 சதவீதம் ஹெமிசெல்லுலோஸ், மீதத்தின் பெரும்பகுதி லிக்னின். செல்லுலோஸ் முழுவதும் குளுக்கோஸ் கோத்த சங்கிலி. அதைப் பிரிப்பதுதான் கடினம், பிரித்துவிட்டால் செரிவிசியே பார்த்துக்கொள்ளும். ஹெமிசெல்லுலோஸ் நேரெதிர். நீர்த்த அமிலத்தோடு சூடாக்கினாலே அது உடைந்துவிடும். அதிலிருந்து பெருமளவில் வரும் சர்க்கரைதான் செரிவிசியேக்கு ஒத்துவராத சைலோஸ்.

சைலோஸுக்கு மரச்சர்க்கரை என்றும் பெயர். குளுக்கோஸில் ஆறு கார்பன் அணுக்கள்; சைலோஸில் ஐந்து. தாவர உலகில் குளுக்கோஸுக்கு அடுத்தபடியாக மிகுதியாக இருக்கும் சர்க்கரை இது. வைக்கோல், கரும்புச் சக்கை, மக்காச்சோளக் கதிர்த்தண்டு, அகன்ற இலை மரங்களின் கட்டை ஆகியவற்றில் நிறைய இருக்கும்; ஊசியிலை மரங்களில் குறைவு. இந்தியாவில் அறுவடைக்குப் பின் வயலிலேயே கொளுத்தப்படும் வைக்கோலிலிருந்து எத்தனால் எடுக்க ஹரியானாவின் பானிபட்டில் இந்தியன் ஆயில் நிறுவனம் அமைத்த ஆலை 2022 ஆகஸ்ட் 10 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து 3 கோடி லிட்டர் எத்தனால் என்பது அதன் திட்டம். இப்படிப்பட்ட எந்த ஆலைக்கும் சைலோஸை என்ன செய்வது என்பது கணக்கைத் தீர்மானிக்கும் கேள்வி. குளுக்கோஸை மட்டும் நொதிக்கவைத்துவிட்டு மற்றதைக் கழிவுநீரில் விட்டால், விலை கொடுத்து வாங்கிய சர்க்கரையில் பெரும்பங்கு வீணாகிவிடும்.

செரிவிசியேயின் தடை எங்கே இருக்கிறது என்பது 1980களின் தொடக்கத்தில் தெளிவானது. சைலோஸின் அணு அமைப்பைச் சற்று மாற்றினால் சைலுலோஸ் என்ற சர்க்கரை கிடைக்கும். சைலுலோஸைக் கொடுத்தால் செரிவிசியே நொதிக்கவைக்கிறது. சைலோஸைக் கொடுத்தால் அநேகமாகச் சும்மா இருக்கிறது. ஆக, இடையில் இருக்கும் அந்த ஒரு மாற்றம்தான் அதற்குக் கைவரவில்லை. பாக்டீரியாக்கள் இதை ஒரே நொதியால் ஒரே படியில் முடித்துவிடும். காட்டு ஈஸ்டுகள் இரண்டு படிகளில் செய்கின்றன. ஐங்கார்பன் சர்க்கரையை ஈஸ்டால் எத்தனாலாக்க முடியாது என்று அதுவரை பரவலாக நம்பப்பட்டது. அந்த நம்பிக்கையை உடைத்தது பாக்கிசோலென் டானோஃபிலஸ் என்ற ஈஸ்ட். தோல் பதனிடப் பயன்படும் மரப்பட்டைச் சாற்றிலிருந்து பிரிக்கப்பட்டு 1957இல் பெயரிடப்பட்ட அது, கால் நூற்றாண்டு வெறும் பெயராகவே பட்டியலில் கிடந்தது. சைலோஸை எத்தனாலாக்கும் அதன் திறன் 1981இல்தான் வெளிவந்தது. சேமிப்பகங்களில் தூங்கும் எத்தனை ஈஸ்டுகளிடம் இப்படி யாரும் கேட்காத திறமைகள் இருக்கின்றனவோ என்று பலரும் அதன்பின் தேடத் தொடங்கினர்.

அந்தத் தேடலில் மேலெழுந்து வந்தது ஷெஃபர்சோமைசிஸ் ஸ்டிபிடிஸ். 1967இல் பிக்கியா ஸ்டிபிடிஸ் என்று விவரிக்கப்பட்டது. இன்றைய பேரினப் பெயர் 2010இல் வந்தது. இயற்கையில் சைலோஸை எத்தனாலாக்கும் ஈஸ்டுகளில் திறமை மிக்கவற்றுள் ஒன்று இது. மூன்று சைலோஸ் மூலக்கூறிலிருந்து ஐந்து எத்தனால் மூலக்கூறு வர வேண்டும் என்பது கணக்கு. ஒரு கிராமுக்கு 0.51 கிராம் என்ற அதே உச்ச வரம்புதான். ஸ்டிபிடிஸ் நல்ல சூழலில் அந்த வரம்பை நெருங்கிவிடும். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் மேடிசனில் உள்ள வனப்பொருள் ஆய்வகத்தின் தாமஸ் ஜெஃப்ரீஸும் கூட்டாளிகளும் 2007இல் அதன் முழு மரபுத்தொகையை வெளியிட்டனர். எட்டுக் குரோமோசோம்களில் 1.54 கோடி எழுத்துகள். மரத்தைச் சிதைத்து உண்ணும் வாழ்க்கைக்கு வேண்டிய நொதிகளின் மரபணுக்கள் அதில் வரிசையாக இருந்தன.

அது ஏன் அப்படி என்பதற்கு அதன் வீட்டைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளில் ஓடொன்டோடீனியஸ் டிஸ்ஜங்டஸ் என்ற கருவண்டு மக்கிய கட்டைகளைக் குடைந்து வாழ்கிறது. பசாலிடே குடும்பத்தைச் சேர்ந்தது. வண்டினத்தில் அரிதாகத் தாயும் தந்தையும் குஞ்சுகளோடு ஒரே கட்டைக்குள் குடும்பம் நடத்தும். உடலை உரசி ஒலி எழுப்பி ஒன்றோடொன்று தொடர்புகொள்ளும். பெரிய வண்டுகள் மரத்தை மென்று கழிக்கும் எச்சத்தைப் புழுக்களும் உண்கின்றன. பெரியவையும் மறுபடி உண்கின்றன. குடலைக் கடந்து வந்த மரத்தூள் வெளியே கிடக்கும் நாட்களில் நுண்ணுயிர்கள் அதை மேலும் பக்குவப்படுத்துகின்றன. அருவருப்பாகத் தோன்றினாலும் இது ஒழுங்கான ஏற்பாடு: ஒவ்வொரு தலைமுறையும் தன் நுண்ணுயிர்களை அடுத்ததற்கு இப்படித்தான் கைமாற்றுகிறது. இவ்வண்டுகளின் குடலில் ஸ்டிபிடிஸும் அதன் நெருங்கிய உறவினங்களும் தொலைவிலுள்ள ஊர்களில் பிடித்த வண்டுகளிலும் மாறாமல் இருப்பதை லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மெரடித் பிளாக்வெல்லும் சங்-ஓய் சூவும் பிறரும் 2003இல் காட்டினர்.

அதே குழு அதோடு நிற்கவில்லை. மூன்றாண்டுகளில் பலவகை வண்டுகளின் குடலிலிருந்து 650க்கும் மேற்பட்ட ஈஸ்ட் மாதிரிகளைப் பிரித்தெடுத்தது. அவற்றில் ஏறத்தாழ 200 இனங்கள் அறிவியலுக்குப் புதியவை என்று 2005இல் அறிவித்தது. அன்று உலகெங்கும் அறியப்பட்டிருந்த ஈஸ்ட் இனங்களின் எண்ணிக்கை இந்த ஒரே முயற்சியால் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக உயரக்கூடிய நிலை. வண்டுகளே விலங்குலகில் மிகுந்த இனங்களைக் கொண்ட வரிசை என்பதை நினைத்தால், இன்னும் யாரும் திறந்து பாராத குடல்கள் எவ்வளவு என்பது புரியும்.

2006இல் இவர்கள் விவரித்த ஸ்பத்தாஸ்போரா பசாலிடாரம் என்ற ஈஸ்ட் தனிக்கவனம் பெற்றது. அதன் சிறப்பை விளங்கிக்கொள்ள முன்பு சொன்ன இரண்டு படிகளை உற்றுப் பார்க்க வேண்டும். முதல் படியில் சைலோஸ் ரிடக்டேஸ் என்ற நொதி சைலோஸோடு ஹைட்ரஜனைச் சேர்த்துச் சைலிட்டாலாக்குகிறது. இரண்டாம் படியில் சைலிட்டால் டிஹைட்ரோஜினேஸ் அந்த ஹைட்ரஜனை எடுத்துவிட்டுச் சைலுலோஸைத் தருகிறது. கொடுத்ததும் எடுத்ததும் சமம்போலத் தோன்றும். ஆனால் முதல் படிக்கு ஹைட்ரஜன் தருவது என்ஏடிபிஎச் என்ற துணைமூலக்கூறு. இரண்டாம் படியில் ஹைட்ரஜனை வாங்கிக்கொள்வது என்ஏடி என்ற வேறொன்று. ரூபாயில் செலவழித்து டாலரில் வரவு வாங்கும் கடையின் நிலைமைதான் செல்லுக்கு: ஒரு பெட்டி காலியாகிறது, மற்றொன்று நிரம்பி வழிகிறது, மாற்றித்தர ஆளில்லை. என்ஏடி தீர்ந்துபோனால் இரண்டாம் படி நின்று சைலிட்டால் தேங்கிவிடும். ஆக்சிஜன் கொஞ்சம் இருந்தால் செல் மூச்சுவிட்டு என்ஏடியை மீட்டுக்கொள்ளும். ஸ்டிபிடிஸுக்குச் சிறிதளவு ஆக்சிஜன் எப்போதும் தேவைப்படுவதும், அது அளவு மிஞ்சினால் எத்தனால் குறைந்து செல்கள் மட்டும் பெருகுவதும் இதனால்தான். பல ஆயிரம் லிட்டர் கொள்ளளவுள்ள தொட்டியில் இந்த மெல்லிய அளவைக் காப்பது எளிதல்ல.

ஸ்பத்தாஸ்போராவின் முதல் நொதியோ இரண்டாம் படியில் உண்டாகும் அதே துணைமூலக்கூறையே எடுத்துக்கொள்ள வல்லது. வரவும் செலவும் ஒரே கணக்கில் நேராகிவிடுவதால் ஆக்சிஜன் இல்லாமலும் சைலோஸை நொதிக்கவைக்கிறது. சைலிட்டால் அதிகம் தேங்குவதில்லை. அதன் மரபுத்தொகை 2011இல் வெளியானது. மக்கிய கட்டைக்குள், வண்டுக் குடலின் நடுவே, ஆக்சிஜன் அரிதான இடத்தில் வாழும் உயிருக்கு இது வாய்த்திருப்பதில் பொருத்தம் இருக்கிறது.

எத்தனால் தேடுவோருக்குக் குறையாகத் தெரிந்த சைலிட்டால் தேக்கம் வேறு சிலருக்கு விளைச்சல். சைலிட்டால் சாதாரணச் சர்க்கரை அளவுக்கு இனிக்கும். ஆனால் கிராமுக்கு 4 கலோரிக்குப் பதில் 2.4 கலோரிதான் தரும். பற்சொத்தையை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் பாக்டீரியா இதை நொதிக்கவைத்து அமிலமாக்க முடிவதில்லை. பின்லாந்தின் துர்க்கு நகரில் 1970களில் நடந்த ஆய்வுகள் இதை வெளிக்கொண்டுவந்தபின் சூயிங் கம்மிலும் பற்பசையிலும் சைலிட்டால் நுழைந்தது. தொழில்முறை உற்பத்தி முதலில் பிர்ச் மரச்சர்க்கரையை நம்பியிருந்தது. இப்போது மக்காச்சோளக் கதிர்த்தண்டும் பெருமளவில் பயன்படுகிறது. வழக்கமான முறையில் சைலோஸை நன்கு தூய்மைப்படுத்தி, நிக்கல் வினையூக்கியின் முன்னிலையில் உயர் அழுத்தத்தில் ஹைட்ரஜன் ஏற்றுகிறார்கள். கேண்டிடா டிராபிகாலிஸ், மேயரோசைமா கில்லியர்மோண்டி, டெபாரியோமைசிஸ் ஹான்செனி ஆகிய ஈஸ்டுகள் அதே மாற்றத்தை அறைச்சூட்டுக்குச் சற்று மேலே, அழுத்தமின்றி, முழுத் தூய்மையற்ற சைலோஸிலும் செய்துவிடும். மகசூலில் முன்னணியில் நிற்கும் டிராபிகாலிஸ் நோயெதிர்ப்பு குன்றியவர்களிடம் தொற்று உண்டாக்கக்கூடியது என்பதால் உணவுத்தொழில் அதை ஏற்கத் தயங்குகிறது. வேதிமுறை இன்னும் மேலோங்கி நிற்பதற்கு ஈஸ்டின் வேகமின்மையும் ஒரு காரணம். வீட்டில் நாய் வளர்ப்போருக்கு ஒரு எச்சரிக்கை: மனிதருக்குத் தீங்கற்ற அளவு சைலிட்டால்கூட நாயின் இன்சுலினைத் திடீரென உயர்த்தி உயிருக்கே ஆபத்தாகலாம்.

காட்டு ஈஸ்டை அப்படியே ஆலைக்குக் கொண்டுவருவதில் வேறு சிக்கல்களும் உண்டு. வைக்கோலை அமிலத்தாலும் வெப்பத்தாலும் உடைக்கும்போது சர்க்கரையோடு அசிட்டிக் அமிலம், ஃபர்ஃபுரால் முதலிய நச்சுகளும் பிறக்கின்றன. ஸ்டிபிடிஸ் அவற்றைத் தாங்காது. எத்தனாலையும் சில சதவீதத்துக்கு மேல் பொறுக்காது. செரிவிசியேயோ பத்துச் சதவீதத்தைச் சாதாரணமாகக் கடக்கும். குளுக்கோஸும் சைலோஸும் கலந்திருந்தால் ஸ்டிபிடிஸ் குளுக்கோஸைத் தீர்த்த பிறகுதான் சைலோஸைத் தொடும். ஆகவே காட்டு ஈஸ்டின் திறமையைச் செரிவிசியேயின் உடலுக்கு மாற்றுவது என்ற வழி பிறந்தது. ஸ்டிபிடிஸின் அந்த இரு நொதிகளுக்கான மரபணுக்களைச் செரிவிசியேக்குள் புகுத்தி, அவற்றோடு சைலுலோஸைக் கையாளும் நொதியையும் மிகுதியாக்கி, அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் நான்சி ஹோவின் குழு 1993இல் சைலோஸை நொதிக்கவைக்கும் செரிவிசியேயை உருவாக்கியது. ஆனால் மரபணுக்களோடு அந்தப் பழைய வரவுசெலவுக் கோளாறும் கூடவே வந்தது.

அதைத் தவிர்க்கப் பாக்டீரியாவின் ஒற்றைப்படி நொதியைச் செரிவிசியேயில் வைக்கப் பல காலம் முயன்றனர். செயல்திறன் மிகக் குறைவாகவே இருந்தது. வழி எதிர்பாராத இடத்திலிருந்து திறந்தது. இந்திய யானையின் லத்தியிலிருந்து பிரிக்கப்பட்ட பைரோமைசிஸ் என்ற காற்றில்லாப் பூஞ்சையில் அந்த ஒற்றைப்படி நொதி, சைலோஸ் ஐசோமெரேஸ், இருப்பதை நெதர்லாந்து ஆய்வாளர்கள் கண்டனர். பூஞ்சையின் மரபணு என்பதால் செரிவிசியேக்குள் அது நன்றாகவே இயங்கியது. 2003இல் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் இது நடந்தது. பின்வந்த ஆண்டுகளில் மேலும் சில மரபணுக்களை மிகுதியாக்கி, தலைமுறை தலைமுறையாகச் சைலோஸிலேயே வளர்த்து வேகம் கூட்டினர். வைக்கோல், சக்கை எத்தனாலுக்காக விற்கப்படும் ஈஸ்ட் வகைகள் பெரும்பாலும் இந்த இரு வழிகளில் ஒன்றின் வழித்தோன்றல்கள். மரக்கழிவு எத்தனாலுக்கான போட்டியில் காட்டு ஈஸ்டுகள் தாமே ஓடி வெல்லவில்லை என்பதுதான் இதுவரையான நிலவரம். திறமையைக் கடன் கொடுத்திருக்கின்றன.

ஆனால் கரும்பு எத்தனாலில் காட்டு வகைகள் நேரடியாகவே ஆலையைக் கைப்பற்றிய கதை பிரேசிலில் நடந்தது. 1975இல் தொடங்கிய அரசுத் திட்டத்தால் அங்கு எத்தனால் ஆலைகள் பெருகின. ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் ரொட்டி ஈஸ்டை மூட்டை மூட்டையாகத் தொட்டியில் கொட்டுவார்கள். நொதித்தல் முடிந்ததும் ஈஸ்டைப் பிரித்து, பாக்டீரியாவைக் கொல்லக் கந்தக அமிலத்தில் அலசி, மறுபடி அதே தொட்டிக்கு அனுப்புவார்கள். நாளுக்கு இரண்டு முறை வீதம் மாதக்கணக்கில் நடக்கும் இந்தச் சுழற்சியில் ரொட்டி ஈஸ்ட் சில வாரங்களுக்குள் காணாமல்போனதையும், கரும்புச் சாற்றோடு உள்ளே வந்த காட்டுச் செரிவிசியே வகைகள் அதன் இடத்தை எடுத்துக்கொண்டதையும் குரோமோசோம் ஒப்பீடுகள் காட்டின. அமிலம், வெப்பம், ஆல்கஹால் மூன்றையும் தாங்கியவையே மிஞ்சின. அப்படி மிஞ்சியவற்றிலிருந்து தேர்ந்தெடுத்த பிஇ-2, கேட்-1 ஆகிய வகைகளே இன்று அந்நாட்டு ஆலைகள் பலவற்றின் தொடக்க ஈஸ்ட். ஹான்சனின் காலத்தில் வெளியேற்றப்பட வேண்டியதாக இருந்தது இங்கே முதலாளியாகிவிட்டது.

எத்தனாலும் சைலிட்டாலும் தவிர வேறு பொருள்களும் காட்டு ஈஸ்டுகளிடமிருந்து வருகின்றன. காகித ஆலைகள் மரத்தைச் சல்ஃபைட் முறையில் வேகவைத்தபின் மிஞ்சும் நீரில் மரச்சர்க்கரைகள் கரைந்திருக்கும். டோருலா என்று வணிகத்தில் அழைக்கப்படும் ஈஸ்ட் ஐங்கார்பன் சர்க்கரையையும் தின்று அந்த நீரில் வளரும். உலகப்போர்க் காலங்களில் ஜெர்மனி புரதப் பஞ்சத்தைச் சமாளிக்க இதை உணவாகவும் தீவனமாகவும் பயன்படுத்தியது. கிளைவெரோமைசிஸ் மார்க்சியானஸ் 45 பாகை செல்சியஸிலும் வளரும். கற்றாழையினச் செடிகளில் சேமித்திருக்கும் ஃபிரக்டோஸ் சங்கிலிகளை வெட்டும் நொதி அதனிடம் உண்டு. ரோடோடோருலா டொருலாய்ட்ஸ் சர்க்கரையை எண்ணெயாக்கித் தன் உலர் எடையில் பாதிக்கு மேல் கொழுப்பாகச் சேர்த்துக்கொள்ளும். கலிஃபோர்னியாவின் டேவிஸ் நகரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹெர்மன் ஃபாஃப் 1960களின் இறுதியில் ஜப்பானிலும் அலாஸ்காவிலும் மரக்காயங்களில் வழியும் சாற்றைச் சேகரித்தபோது செம்மஞ்சள் நிற ஈஸ்ட் ஒன்று அகப்பட்டது. நிறத்துக்குக் காரணம் அஸ்டாசாந்தின் என்ற நிறமி. பின்னர் ஃபாஃபியா என்று அவர் பெயராலேயே அழைக்கப்பட்ட அந்த ஈஸ்ட் பண்ணை சால்மன் மீன்களின் தசைக்கு இளஞ்சிவப்பு நிறம் தரும் தீவனமானது.

காட்டு ஈஸ்டைத் தேடும் முறைக்குப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. மக்கிய கட்டைத்தூளையோ வண்டின் குடலையோ, சைலோஸ் ஒன்றே உணவாக உள்ள, சற்று அமிலமான, பாக்டீரியாவைத் தடுக்கும் மருந்து சேர்த்த நீர்மத்தில் இடுகிறார்கள். சைலோஸைத் தின்னத் தெரிந்தவை மட்டும் பெருகும். அவற்றைத் தட்டில் தனித்தனிக் கூட்டங்களாகப் பிரித்து, ரைபோசோம் மரபணுவின் ஒரு சிறு பகுதியைப் படித்தால் இனம் எது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். கடினமானது அதன் பிறகுதான்: எத்தனை ஆக்சிஜனில், எந்தச் சூட்டில், எந்த நச்சைத் தாங்கி, எவ்வளவு விளைவிக்கிறது என்று அளப்பது.

புதிய இனம் ஒன்றுக்குப் பெயர் சூட்ட வேண்டுமானால், அதன் மாதிரி உறைய வைத்தோ உலர வைத்தோ செயலற்ற நிலையில் ஒரு சேமிப்பகத்தில் பாதுகாக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது பெயரிடல் விதி. இந்தியாவில் சண்டிகரில் 1986இல் அமைந்த நுண்ணுயிர்ச் சேமிப்பகமும் புனேயின் தேசிய வேதியியல் ஆய்வகத்தில் உள்ள சேமிப்பகமும் இவ்வேலையைச் செய்கின்றன. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் செடி, விலங்கு ஆகியவற்றோடு நுண்ணுயிர்களையும் நாட்டின் உயிர்வளமாகக் கருதுகிறது. இந்தியக் காட்டில் கிடக்கும் ஒரு மக்கிய கட்டையிலிருந்து ஈஸ்டை எடுத்து ஆய்வுக்கோ வணிகத்துக்கோ பயன்படுத்த விரும்பும் வெளிநாட்டவர், சென்னையில் இயங்கும் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் முன் அனுமதியைப் பெற வேண்டும்.